உறையும் கம்பியும்

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒரே நாளில் இறுகுவதில்லை. அதுதான் அதன் தொல்லை. பஞ்சர் ஆனால் தெரிகிறது. செயின் கழன்றால் தெரிகிறது. விளக்கு எரியாவிட்டால் எதிரே வருகிறவன் கத்திச் சொல்லிவிடுகிறான். கேபிள் மட்டும் யாருக்கும் சொல்லாமல், நாளுக்கு ஒரு நூலளவு கனத்துக்கொண்டே போகிறது. கையும் நாளுக்கு ஒரு நூலளவு கூடுதலாக அழுத்தப் பழகிக்கொண்டே போகிறது. வண்டிக்காரரைக் கேட்டால் நன்றாக ஓடுகிறது என்பார். பொய்யில்லை; அவர் கையைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை. என்றாவது வண்டியை இரவல் வாங்கிப்போகிற நண்பன் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, விரல்களை உதறிக்கொண்டு, 'எப்படிடா இதை ஓட்டறே?' என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது புதிதல்ல. பென்ஷன் பணம் எடுக்க வருகிற பெரியவர் செக்கில் போட்ட கையெழுத்தும், பல வருஷங்களுக்கு முன் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போவதில்லை. முன்பு அட்டையில் இருந்த மாதிரி இப்போது திரையில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 'ஐயா, கையெழுத்து மாறியிருக்குங்க' என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. 'என் கையெழுத்து எனக்குத் தெரியாதாப்பா?' என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் போன மாதம் போட்டதைப் போலத்தான் போட்டிருக்கிறார். மாதத்துக்கு மாதம் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது. இருபது வருஷத்து வித்தியாசம் வேறொரு மனிதனுடையது. கை தனக்குத் தானே சாட்சியாக நிற்க முடியாது என்பதால்தான் வங்கி ஒரு பழைய மாதிரியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. வீட்டில் கேபிளுக்கு எண்ணெய் விடுவது பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

கேபிள் என்று நாம் சொல்வது ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்கள். உள்ளே, மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி. பல கேபிள்களில் இழைகள் 19. வெளியே, ஸ்பிரிங் போலச் சுருட்டிய எஃகுக் கம்பியாலான உறை. அதன்மேல் பிளாஸ்டிக் தோல். மெக்கானிக்குகள் இதை அவுட்டர் என்கிறார்கள். அவுட்டர் சும்மா மூடி வைக்கிற போர்வை என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அதன் இரண்டு முனைகளும் முட்டுக்கொடுத்து அசையாமல் நிற்பதால்தான் உள்ளே இருக்கும் கம்பியால் எதையும் இழுக்க முடிகிறது. உள்ளே எவ்வளவு இழுவையோ அவ்வளவு அமுக்கம் உறையின்மேல் ஏறுகிறது. வேலை செய்வது கம்பி, தாங்குவது உறை.

இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்ற ஐரிஷ்காரர். ராலே சைக்கிள் கம்பெனியின் ஃபிராங்க் பௌடன்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குப் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பௌடனின் கம்பி முதலில் சைக்கிள் பிரேக்குக்கு வந்தது, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு, பிறகு எல்லாவற்றுக்கும். நம் ஊரில் அது உடனே சைக்கிளுக்கு வந்துவிடவில்லை. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பிறகு ஊரெங்கும் ஓடிய ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் வெகுகாலம் இருந்தது கம்பி பிரேக். ஹாண்டில்பாரை ஒட்டி ஒரு தண்டு, அதிலிருந்து ஒரு முழங்கை, கீழே இன்னொரு தண்டு, கடைசியில் ரப்பர் கட்டை. அமுக்கினால் எது எதைத் தள்ளுகிறது என்று நாலாம் வகுப்புப் பையனும் விரல் வைத்துச் சொல்லலாம். துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்த இடத்தில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டார்கள். கேபிள் வந்ததும் இயக்கம் உறைக்குள் போய்விட்டது. வளைந்து நெளிந்து எங்கும் போகிற சுதந்திரம் கிடைத்தது; பார்க்கிற வசதி போயிற்று. கண் பார்த்துக்கொண்டிருந்த வேலை கையின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அந்தக் கையின் சாட்சியமோ மேலே சொன்ன லட்சணத்தில் இருக்கிறது.

உறைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டுகிறது. முரட்டு மாட்டின் கயிற்றைக் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் மறுமுனையைச் சிறுவன் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கயிற்றின் நீளம் அங்கே பொருட்டல்ல. மொத்தம் எவ்வளவு வளைகிறது, எவ்வளவு உராய்கிறது என்ற இரண்டுதான் பொருட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இதைச் சூத்திரமாக்கியவர் கணித மேதை ஆய்லர். பெயர் இப்படி அமைந்ததற்கு நான் பொறுப்பில்லை. கிளட்ச் கேபிள் ஹாண்டில்பாரிலிருந்து எஞ்சினுக்கு வரும்போது எல்லா வளைவுகளையும் சேர்த்து 180 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பக்கம் 10 கிலோ இழுவை வேண்டும். எண்ணெய் உள்ள கம்பியின் உராய்வு எண் 0.1 என்றால் லீவர் பக்கம் கேபிளை இழுக்க வேண்டியது ஏறக்குறைய 13.7 கிலோ. துருவும் புழுதியும் சேர்ந்து அது 0.3 ஆகிவிட்டால் 25.7 கிலோ. உராய்வு மும்மடங்கானால் மும்மடங்கு வீணாகும் என்று நினைப்போம், வீணாவதோ 3.7 கிலோவிலிருந்து 15.7 கிலோவாக, நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் இழுவையின் ஒரு பங்கை உறை விழுங்குகிறது. விழுங்கியது போக மீதிதான் அடுத்த வளைவுக்கு. எனவே எண்ணெய் விடுகிறவன் கேபிள் போகிற வழியையும் பார்த்தாக வேண்டும். பெட்ரோல் டாங்கிக்கு அடியில் நெரிபட்டு ஒரு கூரிய மடிப்பு விழுந்திருந்தால் எந்த எண்ணெயும் அதைச் சரிசெய்யாது.

புல்லட் விஷயத்தில் இது ஒரு கலாச்சாரமாகவே ஆகிவிட்டது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. பழைய புல்லட்டின் கிளட்ச் கனமானது என்பதில் சந்தேகமில்லை, ஸ்பிரிங் அப்படி. ஆனால் அந்தக் கனத்தில் எஞ்சினுடைய பங்கு எவ்வளவு, எண்ணெய் காணாத கேபிளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. 'புல்லட்னா அப்படித்தான் இருக்கும்' என்ற வாக்கியம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. மணிக்கட்டு வலி வீரத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நாம் பெருமையாகச் சுமக்கிற கனங்களில் பலவும் வெறும் துரு என்று எனக்குப் படுகிறது.

இனி வேலை. கேபிள் வண்டியில் மாட்டியிருக்கும்போது கை அறிவதெல்லாம் ஸ்பிரிங்கும் லீவரும் கேபிளும் கலந்த ஒரு மொத்தக் கனம். கேபிளைத் தனியே பிரித்தால்தான் அதன் குணம் தனியே தெரியும். லீவர் பக்கம் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, அதன் வெட்டும் லீவர் தாங்கியின் வெட்டும் நேராக வரும்படி வைத்தால் கம்பி வெளியே வந்துவிடும். நிப்பிள் எனப்படும் அந்தச் சிறு உலோகக் குமிழை லீவரிலிருந்து கழற்றி, எஞ்சின் பக்கமும் கழற்றி, கேபிளை நேராகப் பிடித்துக்கொண்டு கம்பியை இரண்டு விரல்களால் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். நல்ல கேபிளில் கம்பி தண்ணீர் போல ஓடும். நரநரவென்றால் உள்ளே புழுதி. ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் அங்கே துரு அல்லது மடிப்பு. புதுக் கேபிள் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதை ஒரு முறை இழுத்துவிட்டு இதை இழுத்தால் மாதிரிக் கையெழுத்தைத் திரையில் பார்த்தது போலத்தான்.

பிறகு நிப்பிளை ஒட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கம்பி அதிகம் வளைவது அங்கே. இழை முதலில் அறுவதும் அங்கே. நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது என்றாலும், அறுந்த இழையை இரண்டு விரல்களுக்கிடையே முறுக்கிச் சேர்த்துவிட்டு மேலே நெய்கிறவர்களை இங்கே பார்த்திருக்கிறோம். எஃகு இழைக்கு அந்தக் கருணை கிடையாது. 19-ல் ஒன்று அறுந்தால் அதன் பாரம் மீதி 18-ன் மேல் விழுகிறது. அடுத்தது இன்னும் சீக்கிரம் அறும். அறுந்த இழை உறைக்குள் போய்ச் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஒரே ஒரு இழை பிரிந்து நின்றாலும் எண்ணெய் பாட்டிலை மூடிவிட்டுக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இழைகள் முழுசாக இருந்தால், மண்ணெண்ணெய் அல்லது டீசல் கொஞ்சம் விட்டு அழுக்கை முதலில் கரைத்து இறக்க வேண்டும். பிறகு பாலிதீன் பையின் ஒரு மூலையைச் சிறிதாக வெட்டி, அந்த ஓட்டையில் அவுட்டரின் மேல்முனையைச் செருகி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றினால் ஒரு புனல் ஆகிவிடும். கம்பியின் முனை புனலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் கேபிளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கொட்டாங்குச்சியை வைத்து, புனலில் இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊற்றி, கம்பியை மேலும் கீழும் நாலைந்து தடவை இழுத்துவிட்டுப் படுத்துவிடலாம். இரவெல்லாம் இறங்கும். முதலில் விழுகிற சொட்டுகள் கறுப்பாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கும்; ஊற்றிய நிறத்திலேயே சொட்ட ஆரம்பித்தால் வேலை முடிந்தது. நிப்பிள்களுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டி, லீவரில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி அட்ஜஸ்டரை வைக்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதில் அபிப்பிராயங்கள் உண்டு. தையல் மிஷின் எண்ணெயும் நல்லதுதான். மெல்லியது, சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் தீரும். கிரீஸை உறைக்குள் திணிப்பது புழுதிக்கு வீடு கட்டிக் கொடுப்பது. டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே பிறந்ததே ஈரத்தை விரட்டுவதற்கு, அதன் பெயரும் அதைத்தான் சொல்கிறது, கழுவும், தங்காது. தேங்காய் எண்ணெயின் கதை வேறு. அது ஏறக்குறைய 24 டிகிரியில் உறைகிறது. திண்டுக்கல் சமவெளியில் வருஷத்தில் பெரும்பகுதி இது தெரியவே தெரியாது. அந்த எண்ணெய் விட்ட வண்டியை டிசம்பரில் கொடைக்கானலுக்கு ஏற்றினால் பெருமாள்மலை தாண்டுவதற்குள் கேபிளுக்குள் எண்ணெய் மெழுகாகிக்கொண்டிருக்கும். வத்தலக்குண்டில் சரியாக இருந்தது மேலே போனதும் எப்படிக் கெட்டது என்று வண்டியைக் குற்றம் சொல்வார்கள். இன்னொன்று: இப்போது வருகிற பல கேபிள்களில் உறைக்குள் நைலான் போன்ற வழவழப்பான ஒரு குழாய் இருக்கிறது. அவற்றுக்கு எண்ணெய் வேண்டாம் என்று கம்பெனிப் புத்தகம் சொன்னால் அதைக் கேட்பதே நல்லது. தடித்த எண்ணெய் அங்கே பசையாகிவிடும்.

ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளட்ச் இறுகினால் கஷ்டப்படுவது நம் கை. ஆக்ஸிலேட்டரைத் திருகுவது மட்டும்தான் கையின் வேலை. மூடுவது கார்புரேட்டரில் உள்ள ஒரு சின்ன ஸ்பிரிங். கேபிள் இறுகும்போது கஷ்டப்படுவது அந்த ஸ்பிரிங், அதற்கு வாய் கிடையாது. கைக்குத் தெரிகிற கனம் மிகக் குறைவாக இருக்கும்போதே ஸ்பிரிங் தோற்றுப்போயிருக்கலாம். சிறுமலை ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்றில் திருகியதை விட்ட பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. புதிய வண்டிகள் பலவற்றில் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று இரண்டு கேபிள்கள் இருப்பதன் காரணம் இதுதான். ஒற்றைக் கேபிள் வண்டி வைத்திருப்பவர்கள், எஞ்சின் நின்றிருக்கும்போது ஹாண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் நடுவுக்கும் திருப்பி, மூன்று நிலையிலும் திருகி விட்டுப்பார்க்க வேண்டும். 'டக்' என்று தானாக மூட வேண்டும். சோம்பலாக வந்தாலும், பாதியில் நின்றாலும் அன்றைக்கு வண்டியை எடுக்கக்கூடாது. எஞ்சின் ஓடும்போது ஹாண்டில்பாரைத் திருப்பினால் சத்தம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏறினால் கேபிளுக்கு நீளமோ வழியோ போதவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். 'ஒரு கேபிளுக்கா சார் ராத்திரி பூரா? எரநூறு ரூவா. அந்துச்சுன்னா புதுசு போட்ருவோம்.' அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவர் கைக்கூலியையும் என் ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கிட்டால் எண்ணெய் விடுவது நஷ்டம். ஆனால் அறுவதற்கு முன்னால் கேபிள் கனத்துக் கிடந்த ஒன்றரை வருஷம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அறுந்தபின் மாற்றுவது என்பது, அறும்வரை எதையும் கவனிப்பதில்லை என்று முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தம்.

ராபர்ட் பர்சிக் 1974-ல் எழுதிய மோட்டார் சைக்கிள் புத்தகத்தை நம்மில் பலரும் படித்திருக்கிறோம், அல்லது படித்ததாகச் சொல்லியிருக்கிறோம். அதில் ஒரு நண்பர், தன் பி.எம்.டபிள்யூவின் தளர்ந்த ஹாண்டில்பாரை பீர் டப்பாத் தகரத்தை வெட்டி இறுக்கலாம் என்ற யோசனையை அவமானமாக எடுத்துக்கொள்கிறார். பர்சிக்குக்கு இது இரண்டு மனோபாவங்களின் மோதல். காசியில் இந்தியத் தத்துவம் படித்தவர் அவர். கொஞ்ச நாள் திண்டுக்கல்லிலும் இருந்திருந்தால், இங்கே அந்தக் கோடு மனோபாவத்தால் கிழிக்கப்பட்டதல்ல என்பது தெரிந்திருக்கும். எண்ணெய்க் கை யாருக்கு, பேனா பிடிக்கிற கை யாருக்கு என்பது இங்கே பிறப்பிலேயே பிரிக்கப்பட்ட பாகம். இந்த ஊரின் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். ஒரு பூட்டின் லீவரை அரத்தால் ராவிச் சரிசெய்கிறவருக்குத் தெரிந்ததைத் தமிழில் பத்துப் பக்கம் எழுதிவைக்க நம் இலக்கியவாதிகளில் யாருக்குத் தோன்றியது? ஆங்கில பி.ஏ.வில் நான் படித்த பாடங்களில் ஒரு திருப்புளி கூட வரவில்லை. திருப்புளி பிடிக்கிறவரிடம் யாரும் பேனாவைக் கொடுக்கவும் இல்லை.

இதன் விளைவு நம் உரைநடையில் தெரிகிறது. ஒரு சொல் தேய்ந்து துருப்பிடித்தால் எழுதுகிறவன் அதை மாற்றுவதில்லை, கூடுதலாக அழுத்துகிறான். 'நல்ல' கவிதை போதாமல் 'அற்புதமான' கவிதை, அதுவும் போதாமல் 'நெஞ்சை உலுக்கும் அற்புதமான' கவிதை. தன் சொற்கள் இறுகிவிட்டன என்று அவனுக்குத் தெரிவதில்லை. தான் ஆழமாக உணர்வதாக நினைத்துக்கொள்கிறான். படிக்கிறவன் கையும் பழகிவிடுகிறது. புல்லட்காரரின் மணிக்கட்டுப் பெருமைதான் இங்கேயும். ஒரு கேபிளை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று பிசகில்லாமல் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை. அங்கே அழுத்தம் உதவாது. நிப்பிள் எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் படித்தவனுக்கு வண்டி ஓடாது. அந்தப் பக்கத்தை நம் மற்றப் பக்கங்களுக்கு மாதிரிக் கையெழுத்தாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எப்போது என்ற கேள்வி. கை சொல்லும்போது என்பது விடையாகாது, கை சொல்லாது. வெளியிலிருந்து ஒரு தேதி வேண்டும். நம்மிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். கோடைப் புழுதியெல்லாம் உறைக்குள் சேர்ந்து முடிந்து, ஈரம் உள்ளே இறங்கத் தொடங்காத நேரம். இதைவிடப் பொருத்தமான நாளை எந்த எஞ்சினியரும் குறித்துக் கொடுக்க முடியாது. வேலையை நிறுத்தி, கருவியைக் கழுவித் துடைத்து எடுத்து வைக்கிற அந்த நாளில், கருவிக்குப் பொட்டு வைப்பதோடு எண்ணெய் விடுவதும் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும். இப்போது வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் கேபிளின் மேல்முனை வழியாக உள்ளே போகிறது. வெளியே சந்தனமும் குங்குமமும், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழமும். உள்ளே அன்றைக்கே துரு ஆரம்பமாகிறது.

தேதியை மாற்ற வேண்டியதில்லை. பூஜைக்கு முதல் நாள் ராத்திரி கேபிளைக் கழற்றி ஜன்னலில் தொங்கவிட்டால் விடிவதற்குள் எண்ணெய் இறங்கியிருக்கும். மாட்டிவிட்டு, அதற்கப்புறம் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.